மாண்ட்கோமரி: நிலத்தோடு நடந்த ஒரு பெயர்

இரண்டாம் உலகப் போர்த் தளபதிகளைப் பற்றி இப்பகுதியில் எழுதியபோது, பீல்டு மார்ஷல் மாண்ட்கோமரியின் பெயர் நார்மன் வழியில் வந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: இங்கிலாந்துப் படைத்தலைவருக்குப் பிரெஞ்சுப் பெயர் எப்படி வாய்த்தது? அந்தப் பெயருக்குப் பொருள் ஏதும் உண்டா? (திருச்சிராப்பள்ளி வாசகர்)

பதில்: உண்டு. அது ஒரு குன்றின் பெயர். பிரான்சின் வடபகுதியான நார்மண்டியில், லிசியூ நகருக்குத் தெற்கே, பசும்புல்லும் ஆப்பிள் தோப்புகளும் நிறைந்த மேட்டு நிலத்தில் மோன்கொமெரி என்ற இடம் இருக்கிறது. 'மோன்' என்றால் மலை அல்லது குன்று. பின்பாதி ஓர் ஆளின் பெயர். 'குமரிக்' என்ற பழைய ஜெர்மானியப் பெயரின் தேய்ந்த வடிவம் அது. 'குமா' என்பதற்கு மனிதன் என்றும், 'ரிக்' என்பதற்கு ஆள்பவன், வலியவன் என்றும் பொருள். மணமகனைக் குறிக்கும் 'பிரைடுகுரூம்' என்ற ஆங்கிலச் சொல்லின் பின்பாதியில் அதே 'குமா' உருமாறிக் கிடக்கிறது. ரிச்சர்டு, பிரெடரிக் ஆகிய பெயர்களில் அதே 'ரிக்' இருக்கிறது. ஆகவே மோன்கொமெரி என்பது 'குமரிக் என்பவனின் குன்று'. நம் குமரிக்கும் இந்தக் குமரிக்குக்கும் ஓசையைத் தவிர வேறு உறவு இல்லை என்பதை, கடல்கொண்ட நிலத்தோடு இதை முடிச்சுப் போட ஆசைப்படும் அன்பர்களுக்காக முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

ஊரின் பெயர் ஆளுக்கு வந்த விதம் நமக்குப் புரியக்கூடியதே. உ. வே. சாமிநாதையரின் பெயரில் உள்ள முதலெழுத்து உத்தமதானபுரத்தைக் குறிப்பதைப் போல, பதினோராம் நூற்றாண்டு நார்மன் பிரபு தன் பெயரோடு 'தெ' என்ற உருபைச் சேர்த்துத் தன் கோட்டை நின்ற ஊரைச் சொன்னான். ரோஜர் தெ மோன்கொமெரி என்றால் மோன்கொமெரியின் ரோஜர். ஆனால் ஒரு வேறுபாடு முக்கியமானது. நம் முதலெழுத்து பிறந்த மண்ணைச் சொல்கிறது. நார்மன் பிரபுவின் ஊர்ப்பெயரோ, அந்த ஊர் தன் கையில் இருக்கிறது என்று அறிவிக்கும் உரிமைப் பத்திரம். அந்த உரிமையை மகன் அடையும்போது பெயரையும் சேர்த்து அடைகிறான். மேற்கு ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப்பெயர் முதலில் வேர்பிடித்த இடங்களுள் நார்மண்டியும் ஒன்றாக இருந்ததற்கு, நிலவுடைமையும் பெயரும் இப்படிப் பின்னிக்கிடந்தது ஒரு காரணம். பெர்சி, நெவில், புரூஸ் என்று இன்று ஆங்கிலேயப் பெயர்களாகவும் ஸ்காட்லாந்துப் பெயர்களாகவும் நாம் அறிந்திருப்பவை பலவும் இவ்வாறே நார்மண்டி ஊர்ப்பெயர்களாகத் தொடங்கியவை.

இந்த ரோஜர், நார்மண்டிக் கோமகன் வில்லியமுக்கு மிகவும் நெருக்கமானவர். வில்லியம் 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், தென்கடற்கரையில் அருண்டெல், சிச்செஸ்டர் ஆகியவற்றைச் சுற்றிய நிலங்களையும், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயரின் பெரும்பகுதியையும் இவரிடம் ஒப்படைத்து, ஷ்ரூஸ்பரி பிரபு ஆக்கினார். நாடு பிடித்த கையோடு, பிடித்த நாட்டின் இரண்டு முக்கிய வாசல்களை நம்பிக்கையான ஆளிடம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய ஆவணம் ஒன்றில் ரோஜர் தம்மை 'நார்மன்களுக்குள் நார்மன்' என்று இலத்தீனில் குறிப்பிட்டுக்கொள்கிறார். அந்தத் தோரணைக்கு ஏற்ற சொத்து அவரிடம் சேர்ந்திருந்தது.

கேள்வி: அப்படியானால் 1066இல் இங்கிலாந்தை வென்ற ஹேஸ்டிங்ஸ் போரில் வில்லியமோடு நின்று போரிட்ட பரம்பரை என்று மாண்ட்கோமரிகள் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? (மதுரை வாசகர்)

பதில்: சொல்லிக்கொண்டவர்கள் ஏராளம். ஆனால் ரோஜர் அந்தப் போர்க்களத்தில் இருந்தாரா என்பதே வழக்கில் உள்ளது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் செய்யுளில் வரலாறு எழுதிய வேஸ் என்பவர் அவரைப் போர்க்களத்தில் நிறுத்துகிறார். அவருக்கு முந்தியவரும், ரோஜரின் இல்லத்துப் பாதிரியாருக்கே மகனாகப் பிறந்தவருமான ஆர்டரிக் விட்டாலிஸ் என்ற துறவி, ரோஜர் நார்மண்டியைக் காத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டு, 1067இல்தான் கடல் கடந்தார் என்று எழுதுகிறார். ஆர்டரிக்கின் சொல்லே எமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. அந்த வீட்டுச் செய்தி அவருக்குத் தந்தை வழியாகவே கிடைத்திருக்கும்.

ஹேஸ்டிங்ஸில் வில்லியமோடு நின்றவர்கள் என்று சமகாலச் சான்றுகளைக் கொண்டு உறுதியாகப் பெயர் சொல்லக்கூடியவர்கள் ஏறத்தாழ இருபது பேர் மட்டுமே. போர் நடந்த இடத்தில் எழுந்த துறவி மடத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் நீண்ட பெயர்ப்பட்டியலின் மூலம் இன்று இல்லை. பிற்காலத்துப் படிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. இடையில் வந்த குடும்பங்கள் தங்கள் பெயர்களை அதில் செருகியிருக்கின்றன. நம் ஊர்த் தலபுராணங்களில் மாமுனிவர்கள் வந்து தங்கிப் போனதைப் படித்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இராது.

இதைவிடச் சுவையான செய்தி ரோஜரின் பிள்ளைகளிடம் இருக்கிறது. பெல்லேம் என்ற பெருநிலத்துக்கு உரியவளான மாபெல் என்பவளை ரோஜர் மணந்தார். ஆர்டரிக் இந்தப் பெண்மணியை நஞ்சூட்டிக் கொல்லும் கொடியவளாகவே வர்ணிக்கிறார். அவளிடம் கோட்டையை இழந்த வீரன் ஒருவன் இரவில் புகுந்து அவள் தலையை வெட்டினான் என்பதும் அவர் தரும் செய்தியே. மூத்தவர்களுள் ஒருவனான ராபர்ட்டுக்குத் தாயின் நிலம் வந்ததால் அவன் பெயர் ராபர்ட் தெ பெல்லேம் ஆயிற்று. இன்னொருவன் பிரான்சின் பொவாத்து பகுதியில் பெண்ணெடுத்ததால் 'பொவாத்துக்காரன்' ரோஜர் என்று அழைக்கப்பட்டான். வேல்ஸின் பெம்புரோக்கில் கோட்டை கட்டிய ஆர்னுல்ஃப் மட்டும் மோன்கொமெரி என்ற பெயரோடு நின்றான். ஒரு வயிற்றில் பிறந்த மூவருக்கு மூன்று அடைமொழிகள். பெயர் நிலத்தைத் தொடர்ந்து போயிற்றே தவிர, இரத்தத்தைத் தொடர்ந்து போகவில்லை. குடும்பப்பெயரை வைத்து வம்சாவளி வரைய முனைகிறவர் முதலில் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

1094இல் ரோஜர், தாமே 1083இல் நிறுவிய ஷ்ரூஸ்பரி மடத்தில் துறவுடை பூண்டு இறந்தார். அவருக்குப் பின் பிரபுவான ஹியூ, 1098இல் ஆங்கிள்சீ கரையில் நார்வே மன்னன் மக்னஸின் தாக்குதலில் அம்பு பட்டு மாண்டான். அடுத்து வந்த ராபர்ட் 1102இல் முதலாம் ஹென்றி மன்னனை எதிர்த்துத் தோற்றான். அவனுடைய ஆங்கிலேய நிலங்கள் முழுவதும் பறிபோயின. இங்கிலாந்தில் அக்குடும்பத்தின் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

கேள்வி: வேல்ஸில் மாண்ட்கோமரி என்றே ஓர் ஊர் இருக்கிறதாமே? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: இருக்கிறது. வேல்ஸ் எல்லையில் ரோஜர் 1070களில் மண்ணைக் குவித்து மரக்கோட்டை ஒன்று எழுப்பி, நார்மண்டியில் விட்டுவந்த ஊரின் பெயரையே அதற்கும் இட்டார். 1086ஆம் ஆண்டின் டோம்ஸ்டே நிலக்கணக்கில் அந்தப் பெயர் பதிவாகியுள்ளது. அந்த மண்மேட்டை வேல்ஸ் மொழியில் 'ஹென் டோமென்', அதாவது பழைய மேடு, என்கிறார்கள். 1223இல் மூன்றாம் ஹென்றி சற்றுத் தள்ளி ஒரு பாறைமுனையில் கற்கோட்டை கட்டத் தொடங்கினார். அதன் அடிவாரத்தில் உள்ளதுதான் இன்றைய ஊர். பின்னாளில் மாண்ட்கோமரிஷயர் என்று ஒரு மாவட்டமே இந்தப் பெயரால் அமைந்து, 1974இல் போவிஸ் மாவட்டத்தில் கலந்தது.

ஆனால் வேல்ஸ் மக்கள் தங்கள் மொழியில் அந்த ஊரை மாண்ட்கோமரி என்று அழைப்பதில்லை. 'ட்ரெவால்ட்வின்' என்பார்கள், பால்ட்வினின் ஊர் என்று பொருள். 1102க்குப் பின் அந்த நிலத்தைப் பெற்ற பால்ட்வின் தெ பொல்லெர் என்பவரின் பெயர் அது. முந்தைய எசமானை ஆங்கிலமும் பிந்தைய எசமானை வேல்ஸ் மொழியும் நினைவில் வைத்திருக்கின்றன.

கேள்வி: இங்கிலாந்தில் முடிந்துபோன குடும்பம் என்கிறீர்கள். பிறகு பெயர் எப்படிப் பிழைத்தது? (கோயம்புத்தூர் வாசகர், கல்லூரி ஆசிரியர்)

பதில்: வடக்கே போய்ப் பிழைத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மன்னன் முதலாம் டேவிட் தன் அரசைத் திருத்தியமைக்க நார்மன் வழியினரையும், பிரான்சின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த பிரெத்தானியரையும் அழைத்து நிலம் கொடுத்தான். அவ்வாறு ஷ்ராப்ஷயர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களுள் தலையானவர் வால்ட்டர் பிட்ஸ் ஆலன். ஸ்காட்லாந்தின் ஸ்டூவர்ட் அரச குலத்துக்கு மூதாதை இவரே. அவருடைய பரிவாரத்தில் ராபர்ட் மாண்ட்கோமரி என்பவர் இருந்தார். கிளாஸ்கோவுக்குத் தெற்கே ஈகில்ஷாம் என்ற ஊர் அவருக்குக் கிடைத்தது. இவர் ஷ்ரூஸ்பரி பிரபு ரோஜரின் பேரன் என்று குடும்ப வரலாறுகள் எழுதிவைத்திருக்கின்றன. அதற்கு ஆவணச் சான்று இல்லை. வேல்ஸ் எல்லையில் இருந்த மாண்ட்கோமரிக் கோட்டையில் பணியாற்றிய ஒருவரும் அந்தப் பெயரோடு வடக்கே போயிருக்கலாம் அல்லவா? உலகெங்கும் உள்ள மாண்ட்கோமரிகளில் பெரும்பாலோர் தங்கள் வரலாற்றைத் தொடங்கும் இடம் இந்த ஈகில்ஷாம்தான் என்பதால், இந்த ஓர் இணைப்பு அறுந்திருப்பது சிறிய செய்தி இல்லை.

இந்த ஸ்காட்லாந்துக் கிளை 1388இல் ஒரு பெரிய அதிர்ஷ்டத்தைக் கண்டது. எல்லையோரம் ஆட்டர்பர்ன் என்ற இடத்தில் நடந்த போரில், 'ஹாட்ஸ்பர்' என்று பட்டப்பெயர் பெற்ற ஆங்கிலேய வீரன் ஹென்றி பெர்சியைச் சிறைபிடித்தவர் ஜான் மாண்ட்கோமரி. பெர்சியை மீட்கக் கொடுத்த பணத்தில் போல்னூன் கோட்டை கட்டப்பட்டது என்பது குடும்பத்து வழக்கு. பெர்சியும் நார்மன் ஊர்ப்பெயர், மாண்ட்கோமரியும் நார்மன் ஊர்ப்பெயர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரே மன்னனுக்கு உழைத்த இரண்டு ஊர்களின் பெயர்கள், ஆங்கிலேயனாகவும் ஸ்காட்லாந்துக்காரனாகவும் மாறி, நார்மண்டியிலிருந்து வெகு தொலைவில் ஒன்றையொன்று வாளால் சந்தித்தன.

ஸ்காட்லாந்திலிருந்து ஒரு கிளை பிரான்சுக்கே திரும்பியது. ஸ்காட்லாந்து வழியினர் என்று சொல்லிக்கொண்ட ஒரு குடும்பம் பிரெஞ்சு மன்னரின் பணியில் உயர்ந்து, 1543இல் நார்மண்டியின் மோன்கொமெரி நிலத்தை விலைக்கு வாங்கியது. அக்குடும்பத்து கப்ரியேல், மன்னரின் ஸ்காட்லாந்து மெய்க்காவல் படைக்குத் தலைவர். 1559 ஜூன் 30 அன்று பாரிசில் நடந்த ஈட்டிப் பந்தயத்தில் இரண்டாம் ஹென்றி மன்னர் அவரையே எதிராளியாக இறங்கச் சொன்னார். முறிந்த ஈட்டியின் சிலும்பு மன்னரின் தலைக்கவசத்துக்குள் பாய்ந்தது. பத்து நாள் துன்புற்று மன்னர் இறந்தார். குற்றம் அவருடையது அன்று என்று மன்னரே மன்னித்ததாகச் சொல்வார்கள். ஆனால் அரசி கத்தரீன் மறக்கவில்லை. பின்னர் கப்ரியேல் புராட்டஸ்டண்ட் தரப்பில் சேர்ந்து போரிட்டுப் பிடிபட்டபோது, 1574இல் பாரிசில் அவருடைய தலை வெட்டப்பட்டது.

கேள்வி: அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் தொடர்பு உண்டா? (பெங்களூரு வாசகர்)

பதில்: அயர்லாந்து வழியாக உண்டு. 1606இல் ஸ்காட்லாந்தின் ஹியூ மாண்ட்கோமரி, அயர்லாந்தின் வடகிழக்கில் டவுன் மாவட்டத்தில் நிலம் பெற்று, ஸ்காட்லாந்துக் குடியானவர்களைக் கொண்டுபோய் அமர்த்தினார். அதன்பின் அயர்லாந்தில் இந்தப் பெயர் பெருகியது. டப்ளின் அருகே 1738இல் பிறந்த ரிச்சர்டு மாண்ட்கோமரி பிரிட்டிஷ் படையில் பணியாற்றி, பின்பு அமெரிக்கப் புரட்சியில் பிரிட்டனுக்கு எதிராகவே தளபதியாகி, 1775 டிசம்பர் 31 அன்று கியூபெக் கோட்டைத் தாக்குதலில் உயிர்விட்டார். அலபாமாவில் 1819இல் அமைந்த நகரம் அவர் பெயரைத் தாங்குகிறது. அந்த நகரம் அமைந்திருக்கும் மாவட்டத்தின் பெயரும் மாண்ட்கோமரிதான். ஆனால் அது 1814இல் ஹார்ஸ்ஷூ பெண்டு போரில் இறந்த லெமுவேல் மாண்ட்கோமரி என்ற வேறொருவரின் நினைவாக வைத்தது.

1955 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்ததும், 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பு நடந்ததும் இந்த நகரத்தில்தான் என்பது வாசகர் அறிந்ததே. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையேயும் இது குடும்பப்பெயராக உண்டு. அடிமையாகப் பிறந்த ஐசையா மாண்ட்கோமரி, 1887இல் மிசிசிப்பியில் மவுண்டு பேயூ என்ற கறுப்பின மக்களின் நகரத்தை நிறுவியவர்களுள் தலையானவர். இவருடைய பெயரை நார்மண்டிக் குன்றுக்குக் கொண்டுபோய் முடிச்சுப் போடலாம். இவரைக் கொண்டுபோய் முடிச்சுப் போட முடியாது. பெயரின் வரலாறும் ஆளின் வரலாறும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

கேள்வி: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் சாகிவால் பசுவை 'மாண்ட்கோமரி மாடு' என்று குறிப்பிட்டார். விளையாட்டுக்குச் சொன்னாரா? (நாமக்கல் வாசகர்)

பதில்: சரியாகவே சொன்னார். கோமாரி நோயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1859 முதல் 1865 வரை பஞ்சாபின் துணை ஆளுநராக இருந்தவர், வட அயர்லாந்தில் பிறந்த சர் ராபர்ட் மாண்ட்கோமரி. 1857 மே மாதத்தில் லாகூரை அடுத்த மியான் மீரில் இந்தியச் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறிக்கச் செய்த அதிகாரியும் இவரே. லாகூர் - கராச்சி ரயில் பாதையில் எழுந்த புதிய நகரத்துக்கு அவர் பெயரை இட்டார்கள். மாவட்டத்துக்கும் அதே பெயர் வந்தது. அந்த வறண்ட பகுதியில் வளர்ந்த சிவப்பு நிறக் கறவை இனம் பழைய கால்நடை நூல்களில் மாண்ட்கோமரி என்று குறிக்கப்பட்டது. பாகிஸ்தான் உருவான பின், 1960களில், ஊருக்குச் சாஹிவால் என்ற பழைய பெயரே திரும்பியது. நம் பால்பண்ணைகளில் கட்டியிருக்கும் மாடு அந்தப் பெயரோடு நிற்கிறது. ஹரப்பாவும் அதே மாவட்டம்தான். சிந்துவெளி அகழாய்வு பற்றிய பழைய நூல்களைப் புரட்டினால் 'மாண்ட்கோமரி மாவட்டம்' என்ற குறிப்பைக் காணலாம்.

சென்னை மாகாணத்துக்கும் ஒரு மாண்ட்கோமரி உண்டு. ராஜமுந்திரி மாவட்டத்தின் சீரழிந்த நிலையை ஆராய அனுப்பப்பட்ட ஹென்றி மாண்ட்கோமரி என்ற அதிகாரி 1844இல் அறிக்கை அளித்தார். ஆர்தர் காட்டன் கோதாவரியின் குறுக்கே தவளேஸ்வரம் அணையைக் கட்டுவதற்கு வழி திறந்த முயற்சிகளுள் அதுவும் ஒன்று. இவர் பஞ்சாப் ராபர்ட்டின் வீட்டைச் சேர்ந்தவர் அல்லர். அயர்லாந்தின் இன்னொரு மாண்ட்கோமரிக் குடும்பத்தவர்.

கேள்வி: வெளிநாட்டில் உள்ள என் மகன், மாண்ட்கோமரி குடும்பச் சின்னம் பொறித்த கோப்பை ஒன்றைக் கடையில் பார்த்தானாம். 1066ஆம் ஆண்டுச் சின்னம் என்று எழுதியிருந்ததாம். (திருநெல்வேலி வாசகர்)

பதில்: தேநீர் குடிக்கக் கோப்பை நன்றாகவே உதவும். ஆனால் பரம்பரைக் கேடயச் சின்னங்கள் தோன்றியதே பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். நீல நிலத்தில் மூன்று பொன்னிற அல்லி மலர்கள் என்ற மாண்ட்கோமரிச் சின்னம் ரோஜருக்குத் தெரிந்திருக்காது. மேலும் அத்தகைய சின்னம் உரிமை பெற்ற ஒரு தனி ஆளுக்கும் அவர் வழித்தோன்றலுக்கும் உரியது. அந்தப் பெயருடைய எல்லாருக்கும் பொதுச் சொத்து அன்று.

கேள்வி: பீல்டு மார்ஷல் மாண்ட்கோமரி தம் பெயருக்குரிய ஊரிலேயே போரிட்டார் என்பது உண்மையா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: ஏறக்குறைய உண்மை. பெர்னார்டு மாண்ட்கோமரி, மேலே சொன்ன பஞ்சாப் ராபர்ட்டின் பேரன். அவருடைய தந்தை ஹென்றி 1847இல் கான்பூரில் பிறந்து, பின்னாளில் டாஸ்மேனியாவில் பேராயரானவர். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் இறங்கிய நேச நாட்டுத் தரைப்படைகள் அனைத்துக்கும் பெர்னார்டே தலைவர். 1066இல் வில்லியம் சென்ற கடலை எதிர்த்திசையில் கடந்து அவர் வந்தார். அவருடைய படை மோன்கொமெரியை அடையும் முன்பே, ஜூலை 17 அன்று, ஜெர்மன் தளபதி ரோம்மெல் போர்முனையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த காரை நேச நாட்டு விமானங்கள் சுட்டன. கார் கவிழ்ந்து ரோம்மெலின் மண்டை உடைந்தது. அதன்பின் அவர் படை நடத்தவே இல்லை. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஒருமுறை தம்மை வென்ற எதிரியின் பெயரோடு அவருடைய போர்வாழ்வு இங்கே முடிந்தது: அந்தக் கார் கவிழ்ந்த இடம், சேன்த் ஃபுவா தெ மோன்கொமெரி என்ற சிற்றூரை ஒட்டிய சாலை.

அந்தச் சிற்றூரும், பக்கத்தில் சேன் ஜெர்மேன் தெ மோன்கொமெரி என்ற இன்னொன்றும், 2016 தொடக்கத்தில் அண்டை ஊர்களோடு இணைக்கப்பட்டு, வால் தெ வீ என்ற புதிய ஊராட்சியாயின. ஊராட்சிகளின் பட்டியலில் குமரிக்கின் குன்று இப்போது தனியாக இல்லை.